முதல்முறை பாஸ்தா பேக் செய்கிறீர்களா? சாஸைத் தாராளமாக விடுங்கள்

நான் முதன்முதலில் பாஸ்தா பேக் செய்தது ஒரே ஒருவருக்காக. ஓவனைத் திறந்தபோது மேலே சீஸ் பொன்னிறம், வாசனை வீடு முழுக்க. ஆனால் பரிமாறும்போது கரண்டி உள்ளே இறங்கவில்லை. கத்தியால் வெட்டிச் சதுரமாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது, செங்கல் மாதிரி. சாப்பிட வந்தவர் நல்ல மனசுக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

எங்கே தவறினேன் என்று அப்புறம்தான் புரிந்தது. ஓவனுக்குள் வைக்கும்போது எல்லாம் அளவாகவும் அழகாகவும் இருந்தது. அந்த அழகுதான் காலை வாரியது. பாஸ்தா ஓவனுக்குள் போன பிறகும் சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு ஓவனின் சூடும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் உள்ளே வைக்கும்போது ‘ஐயோ, இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே’ என்று பயம் வர வேண்டும். அந்தப் பயம் வந்தால் சரியான பதத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

மனசுக்கு நெருக்கமான ஒருவருக்கு இதைச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற சமையல்களில் கடைசி அரை மணி நேரம் அடுப்பு நம்மை விடாது. வந்தவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார், நாம் சமையலறையிலிருந்து ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்போம். இதில் அப்படியில்லை. அவர் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டு அவருடன் போய் உட்காரலாம்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். முக்கால்வாசி வேகவைத்த பாஸ்தாவை சாஸில் புரட்டி, மேலே சீஸ் தூவி, ஓவனில் சுட்டெடுப்பதுதான் பாஸ்தா பேக். இத்தாலியில் இந்த வகையைப் ‘பாஸ்தா அல் ஃபோர்னோ’ என்கிறார்கள். ஃபோர்னோ என்றால் ஓவன். (சிலர் ஓவனை ‘அவன்’ என்று எழுதுகிறார்கள். ‘அவனை 200 டிகிரியில் சூடாக்குங்கள்’ என்று படித்தால் யாரோ ஒருவனுக்காகப் பரிதாபப்படத் தோன்றுகிறது. அதனால் நான் ஓவன் என்றே எழுதுகிறேன்.)

சாப்பிடப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்

ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இதில் பால், வெண்ணெய், சீஸ், கோதுமை நான்கும் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கோ கோதுமை ஒவ்வாதவருக்கோ இது விருந்து இல்லை, தண்டனை. சைவம் சாப்பிடுபவர் என்றால் சீஸையும் கவனிக்க வேண்டும். பார்மசான் என்று நாம் சொல்லும் இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட். கண்டிப்பான சைவர்கள் அதைத் தொடமாட்டார்கள். நுண்ணுயிர் ரெனெட்டால் செய்த செடாரோ அதே வகையில் வேறு கெட்டிச் சீஸோ வாங்கினால் பிரச்சினை இல்லை. உறையில் போட்டிருக்கும்.

காரம் பிடிக்குமா, காளான் பிடிக்குமா, சீஸ் வாசனை தூக்கலாக இருந்தால் முகம் சுளிப்பாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1802இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் விருந்து மேசையில் மக்ரோனியில் செய்த ஒரு ‘பை’ (மாவு ஓட்டுக்குள் அடைத்துச் சுடும் பண்டம்) வைத்தார்கள். விருந்துக்கு வந்திருந்த மனாசே கட்லர் அதை ஏதோ வெங்காயம் அடைத்த பண்டம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார். நெடி அதிகம், பிடிக்கவில்லை என்று எழுதியும் வைத்துவிட்டார். அதில் வெங்காயமே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் விளக்க வேண்டியிருந்தது. குடியரசுத் தலைவர் வீட்டு விருந்துக்கே இந்தக் கதி. நாம் கேட்டுவிடுவது நல்லது.

என்னென்ன வேண்டும்

இது இரண்டு பேருக்கு, இரண்டாம்முறை போட்டுக்கொள்ளவும் சேர்த்து:

பென்னே பாஸ்தா 200 கிராம்
தக்காளி 500 கிராம் (நன்றாகப் பழுத்தது) அல்லது டப்பாத் தக்காளி 400 கிராம்
நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 4 பல்
ஆலிவ் எண்ணெய் அல்லது மணமில்லாத வேறு எண்ணெய் 2 மேசைக்கரண்டி
காய்ந்த ஆரிகானோ அரை தேக்கரண்டி
வெண்ணெய் 25 கிராம், மைதா 25 கிராம் (தலைதட்டி 3 மேசைக்கரண்டி)
பால் 350 மில்லி, அவசரத்துக்கு இன்னும் 100 மில்லி கைவசம்
மொசரெல்லா 150 கிராம்
செடார் அல்லது பார்மசான் 40 கிராம்
பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி
உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரை, பிடித்தால் ஜாதிக்காய்

பாத்திரம் 20 செ.மீ. சதுரமாக, 5 செ.மீ. ஆழமாக இருந்தால் போதும். கண்ணாடி, பீங்கான், உலோகம் எதுவானாலும் ஓவனுக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய பாத்திரம் வேண்டாம். பாஸ்தா மெல்லிசாகப் பரவினால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பாஸ்தா குழாய் வடிவத்தில் இருக்கட்டும். பென்னே, ரிகடோனி, மக்ரோனி எல்லாம் சரி. சாஸ் குழாய்க்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், மேலே வரி ஓடியிருந்தால் அதிலும் ஒட்டும். சுருள் வடிவ ஃபுசில்லியும் பரவாயில்லை. நீளநீளமான ஸ்பகெட்டியைப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். உறையில் துரும் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோதுமையில் புரதம் அதிகம், அதனால் இரண்டுமுறை சூடு பட்டாலும் பாஸ்தா குழையாமல் நிற்கும். சாதாரண மைதாவில் செய்த பாஸ்தா ஓவனுக்குள் போனால் களியாகிவிடும்.

சீஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏன் இரண்டு வகை? மொசரெல்லா நூல் நூலாக இழுபடும், ஆனால் அதற்கு ருசி குறைவு. செடாருக்கும் பார்மசானுக்கும் ருசி உண்டு, இழுபடும் குணம் இல்லை. ஆகவே ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று ருசிப்பதற்கு. மொசரெல்லாவில் கெட்டியான கட்டியாக வருவதை வாங்குங்கள். தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா கிடைத்தால் பிய்த்துத் துணியில் அரை மணி நேரம் பரப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் விட்டு எல்லாவற்றையும் நசநசப்பாக்கிவிடும். துருவியே உறையில் வரும் சீஸ் வசதிதான். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், உருகும்போது வழவழப்பு குறையும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுவது ஐந்து நிமிட வேலை.

காய்கறி சேர்க்க வேண்டுமா? ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. எதைப் போட்டாலும் முதலில் தனியாக வதக்கி நீரை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பச்சையாகப் போட்டால் அவ்வளவும் உங்கள் சாஸில் இறங்கும். பசலைக்கீரையை வதக்கியபின் கையால் இறுகப் பிழிய வேண்டும். குடைமிளகாய் அவ்வளவு தொல்லை தராது, ஓரம் லேசாகக் கருகும்வரை வதக்கினால் போதும்.

தக்காளி சாஸ்

அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்புடன் மிதமான தீயில் வதக்குங்கள். எட்டுப் பத்து நிமிடமாவது ஆகும். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி இனிப்பு வாசனை வர வேண்டும். பலரும் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, சாஸ் ஏன் பச்சை வாசனை அடிக்கிறது என்று யோசிப்பார்கள். பிறகு பூண்டைப் போடுங்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும். கருகினால் கசப்பு ஏறிவிடும், அதற்குப் பரிகாரம் கிடையாது.

நறுக்கிய தக்காளி, ஆரிகானோ, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து 15 முதல் 20 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். இங்கே தோலைப் பற்றி ஒரு வார்த்தை. புதுத் தக்காளியின் தோல் ஓவனில் சுருண்டு பல்லில் மாட்டும். தக்காளியின் அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கொதிநீரில் அரை நிமிடம் வைத்து எடுத்தால் தோல் தானாக உரிந்துவரும். டப்பாத் தக்காளியில் அந்த வேலை முடிந்தே வருகிறது. எனக்கு டப்பாத் தக்காளி மேல் எந்தக் குறையும் இல்லை. பழுக்காத புதுத் தக்காளியைவிட அது எவ்வளவோ மேல்.

ருசி பாருங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் சிட்டிகை சர்க்கரை. சாஸ் வற்றிக் கெட்டியாகிவிட்டால் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள். தட்டில் ஊற்றினால் ஓட வேண்டும், குவியலாக நிற்கக் கூடாது.

வெள்ளை சாஸ்

புதியவர்கள் பயப்படும் இடம் இதுதான். பயப்படத் தேவையில்லை, கட்டி ஏன் விழுகிறது என்று தெரிந்தால் கட்டியே விழாது. மாவை அப்படியே சூடான பாலில் கொட்டினால் என்ன ஆகிறது? ஒரு சிறு மாவுக் குவியலின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மாவுக்கு ஈரமே போய்ச் சேருவதில்லை. அதுதான் கட்டி. மாவை முதலில் வெண்ணெயில் கலந்துவிட்டால் கொழுப்பு ஒவ்வொரு துகளையும் பூசிப் பிரித்துவிடும். பால் வரும்போது எல்லாம் தனித்தனியாக ஊறும்.

சரி, செய்முறை. அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் மைதாவைப் போட்டு ஒன்றரை நிமிடம் கிளறுங்கள். நிறம் மாற வேண்டாம், பச்சை மாவு வாசனை போனால் போதும். தீயைக் குறைத்து, பாலில் ஒரு கால் டம்ளரை ஊற்றிக் கம்பிக் கரண்டியால் வேகமாகக் கலக்குங்கள். பசை போலத் திரண்டுவரும், திகைக்காதீர்கள். அடுத்த கால் டம்ளர், மறுபடி கலக்கல். பாதிப் பால் போனபிறகு மீதியை ஒரே வீச்சில் ஊற்றலாம். பிறகு தீயைக் கூட்டிக் கொதி வரவிடுங்கள். கொதி வந்தால்தான் ஸ்டார்ச் முழுதாக இளகிச் சாஸ் திரளும். கொதித்தபின் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம், கரண்டி அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கரண்டியால் எடுத்து ஊற்றினால் நாடா போல வழிந்து விழ வேண்டும். பொத்தென்று விழுந்தால் இன்னும் கொஞ்சம் பால். அப்படியும் கட்டி விழுந்துவிட்டதா? வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து, துருவிய செடாரில் பாதியைப் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் சீஸின் புரதம் இறுகித் திரிதிரியாகி, கொழுப்பு தனியே எண்ணெயாக மிதக்கும். மிளகு, உப்பு, ஜாதிக்காய் இருந்தால் நான்கைந்து உரசல். ஜாதிக்காய் தனியாகத் தெரியக் கூடாது. ‘இதில் என்ன போட்டாய்’ என்று கேட்கவைக்கும் அளவு போதும்.

பாஸ்தாவை வேகவிடாமல் வேகவைப்பது

இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி உப்பு. அதிகம் என்று தோன்றும், ஆனால் அதில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். பாஸ்தாவுக்குள் உப்பு ஏற்றக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள், அது மேலே மிதப்பதோடு சரி. போட்டவுடன் ஒருமுறை நன்றாகக் கிளறிவிட்டால் ஒட்டாது.

உறையில் போட்டிருக்கும் நேரத்தில் மூன்று நிமிடத்தைக் கழியுங்கள். 11 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். வெளியே மெத்தென்று, நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு தெரிய வேண்டும், பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். ‘இன்னும் வேகவில்லையே’ என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மிச்ச வேக்காடு ஓவனில் நடக்கும், சாஸின் ருசியையும் இழுத்துக்கொண்டு நடக்கும். இங்கேயே முழுதாக வெந்துவிட்டால் அங்கே அது குழைவதைத் தவிர வேறு வழியில்லை.

வடிக்கும் முன் ஒரு டம்ளர் வடிநீரை எடுத்து வையுங்கள். பாஸ்தாவிலிருந்து இறங்கிய ஸ்டார்ச் அதில் இருப்பதால் சாஸைத் தளர்த்த வெறும் தண்ணீரைவிட அது நல்லது. வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசாதீர்கள், சாஸ் ஒட்டுவதற்கு வேண்டிய பசையே கழுவிக்கொண்டு போய்விடும்.

கலந்து அடுக்குதல்

பெரிய பாத்திரத்தில் பாஸ்தாவையும் தக்காளி சாஸையும் முதலில் புரட்டுங்கள். பிறகு வெள்ளை சாஸில் முக்கால் பங்கை ஊற்றிக் கலக்குங்கள். தக்காளிப் புளிப்பில் பால் திரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். வெறும் பாலாக இருந்தால் திரியலாம். மாவு சேர்த்துக் கொதித்த சாஸில் ஸ்டார்ச் பாலின் புரதத்தைத் திரளவிடாமல் காக்கும். இளஞ்சிவப்பாக ஒரு சாஸ் கிடைக்கும்.

இப்போது கரண்டியால் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பாருங்கள். அடியில் சாஸ் குளமாகத் தேங்க வேண்டும். தேங்கவில்லையா? வடிநீரை ஊற்றுங்கள். அரை டம்ளர் ஆனாலும் தயங்க வேண்டாம். நான் செங்கல் சுட்ட அன்று இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டேன்.

இந்தக் கட்டத்தில் ருசி பார்ப்பது கட்டாயம், இதற்கு மேல் உப்பைச் சரிசெய்ய முடியாது. சீஸ் இனிமேல்தான் வரப்போகிறது, அதிலும் உப்பு உண்டு. அதனால் ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் சரியாக இருக்கும்.

பேக் செய்யும் பாத்திரத்தில் லேசாக எண்ணெய் தடவி, பாதிப் பாஸ்தாவைப் பரப்பி, மொசரெல்லாவில் பாதியைத் தூவுங்கள். மேலே மீதிப் பாஸ்தா, அதன்மேல் மிச்சமிருக்கும் வெள்ளை சாஸ், மீதி மொசரெல்லா, செடார். கடைசியாக பிரெட் தூளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிசறித் தூவுங்கள். எண்ணெய் இல்லாமல் வெறும் தூளாகப் போட்டால் மொறுமொறுப்பு வராது, மணல் மாதிரி கிடக்கும். மேற்பரப்பைத் தட்டிச் சமமாக்காதீர்கள். அங்கங்கே பாஸ்தா முனை நீட்டிக்கொண்டிருந்தால்தான் அந்த முனைகள் மொறுமொறுவென்று சிவக்கும்.

ஓவனில்

200 டிகிரி செல்சியஸ். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180. பாத்திரம் உள்ளே போகும்முன் 15 நிமிடமாவது ஓவன் சூடாகியிருக்க வேண்டும். நடுத்தட்டில் வையுங்கள், சூடாகக் கலந்து உடனே வைப்பதானால் 20 முதல் 25 நிமிடம். மேலே நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள், ஓரங்களில் சாஸ் குமிழிவிட்டுக் கொதிக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கத்தி நுனியைச் செருகிப் பத்து விநாடி வைத்து எடுத்து, அதைத் தொட்டால் சுரீரென்று சுட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

அந்தப் பொன்னிறத்துக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருவதை 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார், அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். சமையலறையில் நமக்கு வேண்டியது, ஈரம் வற்றிய மேற்பரப்பில்தான் அது வேகமாக நடக்கும் என்பது. நிறம் போதவில்லை என்றால் கடைசி இரண்டு நிமிடம் மேல்பக்கச் சூட்டை மட்டும் போடலாம். அந்த இரண்டு நிமிடம் நீங்கள் ஓவன் முன்னால் நிற்க வேண்டும். போன் அடித்தாலும் நகரக் கூடாது. சீஸ் சிவப்பதற்கும் கருகுவதற்கும் நடுவில் அரை நிமிடம்கூட இருக்காது.

வெளியே எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். பத்து நிமிடம் ஆறட்டும். அதற்குள் சாஸ் இறுகிப் பாஸ்தாவைப் பிடித்துக்கொள்ளும், வாயும் பொத்துப்போகாது.

ஓவன் இல்லையென்றால்? மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் அதே 180 டிகிரி, அதே நேரம். கன்வெக்‌ஷனில் உலோகத் தட்டு போகலாம், சாதாரண மைக்ரோவேவில் கூடாது. சாதாரண மைக்ரோவேவில் சூடாகும், சிவக்காது. அடுப்பில்தான் செய்தாக வேண்டும் என்றால் அடி கனமான வாணலியில் அடுக்கி, இறுக்கமாக மூடி, மிகச் சிறிய தீயில் 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். அடியில் ஒரு தட்டையான இரும்புக் கல்லைப் போட்டால் பிடிக்காது. பிரெட் தூளைத் தனியாக வெண்ணெயில் வறுத்துக் கடைசியில் தூவிக்கொள்ளலாம். பேக் என்று சொல்ல முடியாது, ஆனால் ருசிக்குக் குறைவில்லை.

அன்றைய நேரக் கணக்கு

அவர் 7 மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 மணிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பியுங்கள். தக்காளி சாஸ் கொதிக்கும்போதே சீஸைத் துருவிவிடலாம். ஐந்தரைக்கு வெள்ளை சாஸ், ஆறுக்கு முன்னால் பாஸ்தா, ஆறேகாலுக்குள் அடுக்கி மூடி வைத்துவிடுவீர்கள். அப்புறம் பாத்திரங்களைக் கழுவி, குளித்துத் தயாராக நேரம் இருக்கிறது. 6.40க்கு ஓவனைப் போடுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் பாத்திரத்தை உள்ளே தள்ளுங்கள். இதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும், பாஸ்தா சாஸைக் குடித்தும் இருக்கும். ஓரங்களில் இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றி, நேரத்தை 30 நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். ஏழரைக்கு வெளியே, ஏழேமுக்காலுக்குத் தட்டில்.

காலையிலேயே அடுக்கிக் குளிர்பெட்டியில் வைக்கவும் முடியும். அப்படியானால் கலக்கும்போதே இன்னொரு 75 மில்லி பால் சேருங்கள். அலுமினியத் தாளால் மூடி 20 நிமிடம், திறந்து 15 முதல் 20 நிமிடம் ஆகும். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. அந்த நாளில்தான் முதன்முதலாகச் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய வாரம் ஒருமுறை செய்து நீங்களே சாப்பிடுங்கள். ஒவ்வொரு ஓவனும் ஒரு விதம். சிலதில் பின்மூலை மட்டும் கருகும், சிலதில் 200 என்று காட்டுவது 180தான் இருக்கும். உங்களுடையது எப்படி என்று ஒரு ஒத்திகையில் தெரிந்துவிடும்.

கூட என்ன வைப்பது? எலுமிச்சை பிழிந்த ஒரு பச்சைக்காய் சாலட் மட்டும். இத்தனை பாலுக்கும் சீஸுக்கும் நடுவே நாக்குக்குப் புளிப்பாக ஏதாவது வேண்டியிருக்கும். பூண்டு ரொட்டி வேண்டாம் என்பேன். மாவுக்குத் தொட்டுக்கொள்ள மாவா?

சறுக்கினால்

வெளியே எடுத்தபின் வறண்டு தெரிந்தால் கால் டம்ளர் பாலைச் சூடாக்கி ஓரங்களில் ஊற்றி, தாளால் மூடி ஐந்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அடியில் நீர் தேங்கினால் காய்கறியோ சீஸோ விட்ட நீர், இன்னும் பத்து நிமிடம் ஆறவிட்டால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மேலே கருகிவிட்டதா? கருகியதை மட்டும் கரண்டியால் நீக்கிவிட்டுப் புதுச் சீஸ் தூவி மூன்று நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் காகிதத் துண்டால் ஒற்றியெடுக்கலாம். சப்பென்று இருந்தால் மேசையில் மிளகும் உப்பும் வையுங்கள், வேறு வழியில்லை.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது மேலே பால் தெளித்து, மூடி, 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. மறுநாள் காலை அது எப்படியும் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்திருக்கும். சதுரமாக வெட்டி, வாணலியில் சொட்டு எண்ணெய் விட்டு, இருபுறமும் மொறுமொறுவென்று சிவக்கவிட்டு எடுப்பேன். நான் செங்கல் சுட்ட அன்று அந்த நல்ல மனசுக்காரர் இரவு தங்கியிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.